வலித் தைலங்களின் வரலாறு: மயிலாப்பூர் முதல் ஒரகடம் வரை

தசைவலி, மூட்டுவலி, தலைவலி ஆகியவற்றுக்காகத் தோலின் மேல் பூசித் தேய்க்கப்படும் மருந்துகளைத் தமிழ் மக்கள் பொதுவாகத் ‘தைலம்’ என்றே அழைக்கின்றனர். அது எண்ணெயாக இருந்தாலும், மெழுகு போன்ற களிம்பாக இருந்தாலும் பேச்சுவழக்கில் பெயர் ஒன்றுதான். எள்ளைக் குறிக்கும் ‘திலம்’ என்ற வடசொல்லிலிருந்து ‘தைலம்’ பிறந்தது. ‘எள்’, ‘நெய்’ என்ற இரு சொற்களும் சேர்ந்து ‘எண்ணெய்’ ஆனது. வலிக்கு மருந்து காய்ச்சும்போது முதலில் கைக்கு எட்டிய பொருள் நல்லெண்ணெய் என்பதை இவ்விரு சொற்களும் காட்டுகின்றன.

வீட்டு அடுப்பில் காய்ச்சிய எண்ணெய் கடையில் விற்கும் சிறு புட்டியாக மாறியது கடந்த 130 ஆண்டுகளில் நிகழ்ந்தது. அம்மாற்றத்தின் முக்கியமான கட்டங்கள் பல சென்னையிலும் அதைச் சுற்றிய மாவட்டங்களிலும் நடந்தன. இன்று இப்பகுதியின் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடம் இந்தியாவின் பெரிய உற்பத்தி மையங்களுள் ஒன்று. ஆகவே வலித் தைலத்தின் வரலாற்றை இங்கு உழைப்பின் வரலாற்றோடு சேர்த்தே படிக்க வேண்டியுள்ளது.

பழைய மருத்துவ முறையில் வலி

சித்த மருத்துவம் உடலின் இயக்கத்தை வாதம், பித்தம், கபம் என்ற மூன்றின் அடிப்படையில் விளக்குகிறது. வலி, பிடிப்பு, முடக்கம் ஆகியவை பெரும்பாலும் வாதத்தோடு தொடர்புடையவை. யூகி முனிவர் பெயரில் வழங்கும் நூல் மரபு வாத நோய்களை 80 என்று வகைப்படுத்துகிறது.

வெளிப்பூச்சு இம்மருத்துவத்தில் தனியாக நின்றதில்லை. சித்த மருத்துவம் கூறும் 32 புறமருந்துகளில் பூச்சு, பற்று, கட்டு, ஒற்றடம், வேது, தொக்கணம் ஆகியவை அடங்கும். தொக்கணம் என்பது எண்ணெய் இட்டு முறைப்படி தடவியும் அழுத்தியும் பிசைந்தும் செய்யும் சிகிச்சை. நொச்சி, தழுதாழை, வாதநாராயணன், ஆமணக்கு, எருக்கு ஆகியவற்றின் இலைகள் ஒற்றடத்துக்கும் எண்ணெய் காய்ச்சவும் பயன்பட்டன. முடக்கத்தான் கீரையின் பெயரே முடக்கை அறுப்பது என்ற பொருளில் விளங்கிக்கொள்ளப்படுகிறது.

இம்முறையில் மருந்தோடு இன்னும் இரண்டு தேவைப்பட்டன. ஒன்று, தேய்த்துவிடும் மற்றொருவரின் கை. இன்னொன்று, தேய்த்த பின் சற்று ஓய்ந்திருக்கும் நேரம். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் கடும் வேலை செய்யக்கூடாது என்பது இன்றும் பல வீடுகளில் சொல்லப்படும் வழக்கம். பின்னாளில் புட்டித் தைலம் வந்தபோது இந்த இரண்டும்தான் முதலில் விடுபட்டன.

19-ஆம் நூற்றாண்டு: புதிய மூலப்பொருள்கள்

இன்றைய வலிக் களிம்புகளில் பெரும்பாலானவை நான்கைந்து பொருள்களைச் சுற்றியே அமைந்துள்ளன: கற்பூரம், புதினா உப்பு எனப்படும் மென்தால், யூகலிப்டஸ் எண்ணெய், விண்டர்கிரீன் எண்ணெய், இவற்றைத் தாங்கும் மெழுகுத்தளம். இவை ஒன்றுசேர்ந்தது 19-ஆம் நூற்றாண்டில்தான்.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த யூகலிப்டஸ் மரம் 1843-இல் நீலகிரியில் நடப்பட்டது. விறகுத் தேவைக்காக வளர்க்கப்பட்ட அம்மரத்தின் இலையிலிருந்து எண்ணெய் வடிப்பது பின்னர் மலைப்பகுதியின் குடிசைத் தொழிலாயிற்று. அந்த எண்ணெய் ‘நீலகிரித் தைலம்’ என்ற பெயரைப் பெற்றது. வேற்று நாட்டு மரத்தின் எண்ணெய் ஒரு தமிழ் மலையின் பெயரால் அறியப்படுவது இந்த வரலாற்றின் சுவையான செய்திகளில் ஒன்று.

விண்டர்கிரீன் எண்ணெய்க்கும் நீலகிரியோடு தொடர்பு உண்டு. இந்த எண்ணெயின் முதன்மைப் பொருள் மெத்தில் சாலிசிலேட் என்பதைப் பிரெஞ்சு வேதியியலர் அகஸ்தே காவூர் 1843-இல் கண்டறிந்தார். அது வட அமெரிக்கச் செடியிலிருந்து எடுக்கப்பட்டது. அதே இனத்தைச் சேர்ந்த செடி நீலகிரியில் இயற்கையாக வளர்கிறது. அதிலிருந்தும் அதே எண்ணெய் கிடைக்கும் என்பதைச் சென்னை அரசின் சிங்கோனா ஆய்வுப் பணியில் இருந்த வேதியியலர் பிராட்டன் 1870-களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார்.

மூன்றாவது மாற்றம் தளத்தில் நிகழ்ந்தது. 1872-இல் அமெரிக்காவில் ராபர்ட் செஸ்பரோ பெட்ரோலியம் ஜெல்லிக்குக் காப்புரிமை பெற்றார். நல்லெண்ணெயும் நெய்யும் நாளடைவில் சிக்குவாடை கொள்ளும். பெட்ரோலியம் ஜெல்லி கெடாது; வெயிலையும் நெடும்பயணத்தையும் தாங்கும். களிம்பு ஊர் ஊராகச் செல்லும் சரக்காக மாற இதுவே வழி செய்தது.

அமிர்தாஞ்சன்

இந்தியாவின் புகழ்பெற்ற வலிக் களிம்பான அமிர்தாஞ்சன் 1893-இல் மும்பையில் பிறந்தது. அதைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ் (1867–1938) இன்றைய ஆந்திரத்தின் கிருஷ்ணா மாவட்டத்தைச் சேர்ந்தவர், சென்னையில் படித்தவர். தொடக்கக் காலத்தில் இசைக் கச்சேரிகளுக்கு வருபவர்களிடம் களிம்பை இலவசமாகக் கொடுத்து அறிமுகப்படுத்தினார் என்பது நிறுவனத்தின் வரலாற்றில் தொடர்ந்து சொல்லப்படும் செய்தி.

களிம்பில் வந்த வருவாயை அவர் பத்திரிகைக்குச் செலவிட்டார். 1908-இல் மும்பையில் ‘ஆந்திர பத்திரிகா’ என்ற தெலுங்கு வார இதழைத் தொடங்கினார். 1914-இல் அது சென்னைக்கு வந்து நாளிதழாயிற்று. 1924-இல் ‘பாரதி’ என்ற இலக்கிய இதழ் வெளிவந்தது. உப்புச் சத்தியாக்கிரகத்தில் பங்கேற்றுச் சிறை சென்ற அவருக்குத் ‘தேசோத்தாரக’ என்ற பட்டம் வழங்கப்பட்டது. கடலோர ஆந்திரத் தலைவர்களும் ராயலசீமைத் தலைவர்களும் 1937 நவம்பரில் செய்துகொண்ட ஸ்ரீபாக் ஒப்பந்தம், சென்னையில் இருந்த அவரது ‘ஸ்ரீபாக்’ இல்லத்தின் பெயரால் அழைக்கப்படுகிறது. தலைவலிக்குத் தேய்த்த களிம்பு ஒரு மொழியின் இதழியலுக்கும் ஒரு மாநிலம் உருவான அரசியலுக்கும் பணம் தந்தது.

1936-இல் அமிர்தாஞ்சன் பொது நிறுவனமாயிற்று. மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலை அதன் முகவரியாக நிலைத்தது. அதே லஸ் பகுதியிலுள்ள நாகேஸ்வர ராவ் பூங்கா இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கடல் வழியாக வந்த தைலங்கள்

தமிழ் வீடுகளுக்குத் தைலம் உள்ளூரிலிருந்து மட்டும் வரவில்லை. சீன மூலிகை வணிகரான ஆவ் சூ கின் ரங்கூனில் நடத்திய மருந்துக் கடையிலிருந்து உருவானது டைகர் பாம். அவருடைய மகன்கள் ஆவ் பூன் ஹாவும் ஆவ் பூன் பாரும் 1920-களில் தொழிலைச் சிங்கப்பூருக்குக் கொண்டு சென்றனர். சிங்கப்பூரில் 1928-இல் லியுங் யுன் சீ தொடங்கிய எண்ணெய்ப் புட்டியில் கோடரிப் படம் இருந்தது. தமிழர்கள் அதைக் ‘கோடாலித் தைலம்’ என்று அழைத்தனர். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து ஊர் திரும்புவோரின் பெட்டியில் சேலை, சோப்பு ஆகியவற்றோடு இத்தைலமும் கட்டாயம் இருந்த காலம் உண்டு.

விளம்பரங்களும் மாறின. பழைய மருத்துவத்தில் எண்ணெய்க்குப் பின் ஓய்வு. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த விளம்பரங்களில் களிம்புக்குப் பின் வேலை. ஐயோடெக்ஸ் களிம்பின் பெயர்பெற்ற இந்தி விளம்பரம், தேய்த்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பச் சொன்னது. வலி உடம்பு தரும் எச்சரிக்கை என்ற நிலை மாறி, நாள் வேலைக்கு வந்த இடையூறாகப் பார்க்கப்பட்டது இந்தக் காலத்தில்தான்.

மூலிகையா, வேதிப்பொருளா?

‘மூலிகைத் தைலம்’ என்ற சொல் வாங்குபவரின் மனத்தில் செடியையும் வேரையும் நினைவூட்டுகிறது. உள்ளே இருப்பது சற்று வேறுபட்டது. இந்தியாவில் மென்தால் பெரும்பாலும் செடியிலிருந்தே கிடைக்கிறது. 1950-களில் அறிமுகமான ஜப்பானிய புதினா உத்தரப் பிரதேசத்தில் பரந்து பயிராகி, இந்தியாவை உலகின் முதன்மை மென்தால் உற்பத்தி நாடாக்கியது. மெத்தில் சாலிசிலேட் அப்படியல்ல. 1874-இல் ஜெர்மனியில் சாலிசிலிக் அமிலம் தொழிற்சாலை அளவில் செய்யப்பட்ட பிறகு, விண்டர்கிரீன் எண்ணெயின் இடத்தைச் செயற்கைப் பொருள் பிடித்துக்கொண்டது. சந்தையில் உள்ள கற்பூரத்தில் பெரும்பகுதி டர்பன்டைனிலிருந்து செய்யப்படுகிறது. மெழுகுத்தளம் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது.

இந்தக் கலப்பு சட்டத்திலும் கேள்விகளை எழுப்பியது. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டம் 1964-இல் திருத்தப்பட்டு, இந்திய மருத்துவ முறை மருந்துகளும் அதன் வரம்புக்குள் வந்தன. ஒரு களிம்பு ஆயுர்வேத மருந்தா, அல்லவா என்பதைப் பொறுத்து வரி மாறியதால் வழக்குகள் நடந்தன. அமிர்தாஞ்சன் தொடர்பான வழக்கு 1995-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. விக்ஸ் வேப்போரப் ஆயுர்வேத மருந்தே என்று 2003-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்னொரு புறம், மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், 1954, கீல்வாதத்தைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. ‘வலி நிவாரணம்’ என்று எழுதலாம். ‘வாதம் தீரும்’ என்று எழுத முடியாது. தைலத்தின் உண்மையான எல்லையும் ஏறத்தாழ இதுவே.

அரசும் கூட்டுறவும் இத்துறையில் உண்டு. சித்த, ஆயுர்வேத, யுனானி மருத்துவர்களின் கூட்டுறவு மருந்தகமான இம்ப்காப்ஸ் 1944-இல் சென்னையில் தொடங்கப்பட்டது. 1983-இல் தமிழ்நாடு அரசு டாம்ப்கால் எனப்படும் மூலிகைப் பண்ணைகள் மற்றும் மூலிகை மருந்துக் கழகத்தை நிறுவியது. அதன் உற்பத்திக் கூடம் திருப்போரூர் அருகே ஆலத்தூர் சிட்கோ மருந்துத் தொழிற்பேட்டையில் அமைந்தது. 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை ஆலத்தூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் மூன்றும் ஒரே காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தன. தைலம் செய்யும் ஊரும், தைலம் தேவைப்படும் ஊரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன எனலாம்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம்: வலியின் புதிய வடிவம்

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் ஏரிப் பாசனத்தால் வாழ்ந்த வேளாண் பகுதி. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006-இல் நோக்கியா கைப்பேசி ஆலை திறக்கப்பட்டு 2014-இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான், 2012-இல் டைம்லர், 2013-இல் ராயல் என்பீல்டு ஆலைகள் இயங்கத் தொடங்கின. உதிரிபாகம், கண்ணாடி, டயர், மின்னணுப் பொருள் ஆலைகளும் சுற்றிலும் பெருகின. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் இளைஞர்களும் பெண்களும் வேலைக்கு வந்தனர்.

வயல் வேலையும் உடலை வருத்தியது. ஆனால் நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று பருவத்துக்குப் பருவம் வருந்தும் உறுப்பு மாறியது. இடையில் வேலையற்ற வாரங்களும் இருந்தன. நகரும் வரிசையில் செய்யும் வேலையில் ஒரே அசைவு ஆண்டு முழுவதும் திரும்ப வருகிறது. நிமிடத்துக்கு ஒருமுறை செய்யும் அசைவு எட்டு மணி நேரத்தில் 480 முறையாகிறது. கை தலைக்கு மேல் உயர்ந்திருந்தால் தோள், குனிந்து நின்றால் இடுப்பு, நுண்பாகங்களைப் பொருத்தினால் கழுத்தும் மணிக்கட்டும் பாதிக்கப்படும். நின்றபடியே செய்யும் வேலை காலையும் முழங்காலையும் தாக்கும்.

வேலை செய்யும் முறையே வலிக்குக் காரணமாகலாம் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமட்சினி 1700-இல் வெளியிட்ட தொழிலாளர் நோய்கள் பற்றிய நூலில் இதை விரிவாக எழுதினார். 1713-ஆம் ஆண்டுப் பதிப்பில், இடைவிடாமல் உட்கார்ந்து ஒரே விதமாகக் கையை அசைக்கும் எழுத்தர்களின் வேதனையையும் சேர்த்தார். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் தசை–எலும்பு நோய்களுக்குத் தனிப்பிரிவே உள்ளது.

இந்தியச் சட்டம் இந்த இடத்தில் பின்தங்கியிருந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய 29 நோய்களைப் பட்டியலிட்டது. ஈய நஞ்சு, சிலிக்கோசிஸ், இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு ஆகியவை அதில் இருந்தன. இடுப்புவலி, தோள்வலி, மணிக்கட்டு நரம்பு அழுத்தம் ஆகியவை இல்லை. பட்டியலில் இல்லாத நோயை ஆலை தெரிவிக்க வேண்டியதில்லை. அதனால் அது கணக்கிலும் வருவதில்லை.

புட்டித் தைலத்தின் வரலாற்றுப் பங்கு இங்கேதான் தெளிவாகிறது. கை முறிந்தால் விபத்துப் பதிவேட்டில் ஏறும். தோள் வலித்தால் தொழிலாளி தன் காசில் சிறு புட்டி வாங்கி, விடுதி அறையில் தேய்த்துக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் போய் நிற்பார். வலி தணிகிறது, அதோடு வலி நேர்ந்ததற்கான சான்றும் மறைகிறது. பணியிடத்தின் உயரத்தையும், கருவியின் எடையையும், இடைவேளையின் நீளத்தையும் குறித்த கேள்வி தனி மனிதரின் உடல்நலப் பிரச்சினையாகச் சுருங்கிவிடுகிறது.

தைலம் எவ்வாறு செயல்படுகிறது?

மென்தால் தோலை உண்மையில் குளிர்விப்பதில்லை. குளிரை உணரும் நரம்பு முனைகளிலுள்ள டி.ஆர்.பி.எம்.8 என்ற புரதத்தைத் தூண்டுகிறது. மிளகாயின் காரப்பொருள் வெப்பத்தை உணரும் டி.ஆர்.பி.வி.1 புரதத்தைத் தூண்டுகிறது. இந்த ஆய்வுகளில் ஈடுபட்ட டேவிட் ஜூலியஸ், ஆர்டம் படபூட்டியன் இருவருக்கும் 2021-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. புதிய குளிர்ச்சியோ எரிச்சலோ மூளைக்கு எட்டும்போது, பழைய வலியின் உணர்வு சற்றுப் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. தேய்க்கும் செயலும் இதற்குத் துணை செய்கிறது.

சாலிசிலேட் கலந்த களிம்புகள் பற்றி 2014-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, அவற்றின் பயனுக்கு வலுவான சான்று இல்லை என்று முடிவு கூறியது. டைக்ளோஃபினாக் போன்ற அழற்சி எதிர்ப்பு மருந்து கலந்த ஜெல்களுக்குச் சுளுக்கிலும் மூட்டுத் தேய்விலும் அதைவிட நல்ல சான்று உள்ளது. ஆனால் இவை எதுவும் வலிக்குக் காரணமான வேலையை மாற்றுவதில்லை.

பயன்படுத்துவோர் அறிய வேண்டியவை

விண்டர்கிரீன் எண்ணெயை விழுங்குவது உயிருக்கு ஆபத்து. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்கு இணையான சாலிசிலேட் இருக்கிறது. கற்பூரம் குழந்தைகளின் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரக்கூடும். வார்ஃபரின் போன்ற இரத்த உறைவு தடுப்பு மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்டே இக்களிம்புகளைப் பயன்படுத்த வேண்டும். பூசிய இடத்தில் இறுகக் கட்டுப்போடுவதும், சூட்டு ஒற்றடம் வைப்பதும் தீக்காயம் போன்ற புண்ணை உண்டாக்கலாம். இது குறித்து அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2012-இல் எச்சரித்தது. மரத்துப்போதல், பிடிப்பு வலுவிழத்தல், மூட்டு வீக்கம், இரவில் எழுப்பும் வலி ஆகியவை இருந்தால் தைலத்தோடு நிற்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். தாம்பரம் சானடோரியத்தில் 2005-இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் தொக்கணம், வர்மம் போன்ற புறசிகிச்சைகள் முறையாக அளிக்கப்படுகின்றன.

வலியைக் கணக்கெடுத்தல்

உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, உலகில் ஏறத்தாழ 171 கோடிப் பேர் தசை, எலும்பு, மூட்டு சார்ந்த பாதிப்புகளோடு வாழ்கின்றனர். இவ்வலியைப் பணியிடத்திலேயே அறிவதற்கு எளிய கருவிகள் உண்டு. 1987-இல் நார்டிக் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட வினாப்படிவம் உடலை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, கடந்த 12 மாதங்களிலும் கடந்த 7 நாள்களிலும் எங்கே வலித்தது என்று கேட்கிறது. ஒரே பணியிடத்தில் நின்ற பலருக்கு ஒரே தோள் வலித்தால், குறை தோளில் இல்லை என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். மேசையை உயர்த்தலாம், கருவியைத் தொங்கவிட்டு எடையைக் குறைக்கலாம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றலாம்.

நொச்சி ஒற்றடம் காலத்திலிருந்து இன்றுவரை தைலம் செய்துவரும் உதவி உண்மையானது. வேலை முடிந்து வந்தவர் ஓரிரவு உறங்க அது துணை நிற்கிறது. ஆயினும் தொழிற்பேட்டையின் மருத்துவ அறைகளில் எவ்வளவு தைலம் செலவாகிறது, அதைக் கேட்டு வந்தவர்கள் எந்தப் பணியிடத்தில் நிற்பவர்கள் என்ற இரண்டையும் ஒரே தாளில் எழுதத் தொடங்கினால், இதுவரை வலியை மறைத்துவந்த அதே புட்டி அதன் காரணத்தைக் காட்டவும் உதவும்.